பன்னிரண்டில் ஒன்று வேறு அச்சு

மே 11

மொட்டை மாடியில் வெள்ளைப் போர்வையை விரித்து ஸ்பானர்களைப் படம் எடுத்தேன். பன்னிரண்டு ஸ்பானர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், இருபத்துநாலு படம். வெயிலில் இரும்பு கையைச் சுட்டது. சின்னது ஆறு-ஏழு மில்லிமீட்டர். பெரியது முப்பது-முப்பத்திரண்டு. எல்லாம் இரண்டு முனையிலும் வாய் உள்ளவை. பெல்வின் என்று ஒரு கம்பெனி. அது மூடி ரொம்ப வருஷம் ஆகிறது. அதனால்தான் இதற்கு இன்று மதிப்பு.

பழைய டூல்ஸ் சேர்க்கிறவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். படம் போட்ட அரை மணி நேரத்தில் ஏழு பேர் கேட்டார்கள். இரும்புக்கு இத்தனை பைத்தியமா.

அப்பாவிடம் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு மெக்கானிக். கஸ்பார் மேஸ்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும். கண் ஆபரேஷன் சரியாக வராமல் போனபின் வேலைக்குப் போவதில்லை. ரேடியோவும் நாற்காலியும்தான். ஸ்பானர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்த காக்கிக் கித்தான் சுருளோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. கிடப்பதை விற்றால் என்ன.

நான் சென்னைக்குப் போகிறேன். ஜூன் 13 வேலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். பாலிடெக்னிக்கைப் போன ஜூலையில் விட்டேன், பத்து மாதம் ஆகிறது. ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் போர் அடித்தது என்கிறேன். அது போதும் அவர்களுக்கு.

இந்த டைரி படகு உரிமையாளர் சங்கம் கொடுத்தது. நாலு மாதம் காலியாக இருக்கிறது. இன்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 13

கோயம்புத்தூரிலிருந்து சதாசிவம் என்று ஒருவர். லேத் பட்டறை வைத்திருந்தவராம். வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

"தம்பி, படமெல்லாம் பாத்தனுங்க. நல்லா வெச்சிருக்கீங்க. ஆனா பன்னெண்டுல பதினொன்னு ஒரே அச்சு. ஒன்னு மட்டும் வேற அச்சுங்க. அந்த இருவத்திநாலு-இருவத்தியேழ எடுத்துப் பாருங்க."

ஃபேஸ்புக்கில் கே. பெனி என்று பெயர் வைத்திருப்பதால் தம்பி. பெனிட்டா என்று திருத்தவில்லை. திருத்தினால் விலையைக் குறைப்பார்.

எடுத்துப் பார்த்தேன். மற்ற பதினொன்றில் நடுவில் முட்டை மாதிரி ஒரு வளையம், அதற்குள் பெயர் மேலெழும்பி நிற்கிறது. இந்த ஒன்றில் வளையம் இல்லை. பெயரை இரும்புக்குள் குத்தி இறக்கியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரிகிறது.

பெயர் ஒன்றுதான். அளவும் சரி. அதுவும் பெல்வின்தான்.

மே 14

கம்பெனிக்காரனே கலந்து கட்டி விற்றிருப்பான். இதைப் போய் யோசித்துக்கொண்டு.

மே 16

யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் கடலுக்குப் போன படகுகளில் சந்தியாகப்பர் ஒன்று. சங்கச் செயலாளர் தொம்மையின் படகு. தடைக்காலம் அறுபத்தோரு நாளும் படகுகள் கரையில் நிற்கும், இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். சந்தியாகப்பரில் இன்ஜின் வேலை அப்பா. கியர்பாக்ஸ் சிலுவை அண்ணன். அந்த இன்ஜினையும் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்குப் போகிற ஷாஃப்டையும் சேர்க்கிற இடம் கப்ளிங். அதில் இரண்டு பேர் கையும் படும்.

கப்ளிங் பக்கத்தில் யாரோ ஒரு ஸ்பானரை மறந்து வைத்துவிட்டார்கள். நடுக்கடலில் அது உருண்டு உள்ளே சிக்கியது. போல்ட்டுகள் தெறித்தன. ஷாஃப்ட் பின்னால் நழுவி வெளியே போய்விட்டது. அது இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர். ஓட்டையைச் சாக்கால் அடைக்க இறங்கிய டெரன்ஸ் மேலே வரவில்லை. வயது இருபத்திரண்டு. மற்ற ஏழு பேரையும் பாதி முழுகிய படகையும் வேறு படகுகள் இழுத்து வந்தன. கப்ளிங்கில் வளைந்துபோன ஸ்பானர் ஒன்று மாட்டியிருந்தது. துரு ஏறிப் பெயர் தெரியவில்லை, அளவு மட்டும் தெரிந்தது. இருபத்துநாலு-இருபத்தேழு.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு மெக்கானிக்கும் அவரவர் ஸ்பானர்களை மேசையில் பரப்ப வேண்டும். அப்பா சுருளைப் பிரித்தார். பன்னிரண்டு பை, பன்னிரண்டு ஸ்பானர், எல்லாம் பெல்வின். சிலுவை அண்ணன் ஒரு சாக்கைக் கவிழ்த்தார். பழைய இரும்புக் கடையில் ஒன்றொன்றாகப் பொறுக்கியவை. ஒன்றோடு ஒன்று பொருந்தாது. ஒரே அளவில் மூன்று இருந்தது, சில அளவு இல்லவே இல்லை. எத்தனை வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை.

அவ்வளவுதான். தீர்ப்பு. அன்றிலிருந்து எந்தப் படகுக்காரரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் நானும் எண்ணினேன். கட்டிலுக்கு அடியில் படுத்து எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மே 18

சதாசிவத்துக்குப் போன் செய்தேன். குரலைக் கேட்டும் தம்பி என்றே கூப்பிட்டார். சளி என்று நினைத்திருப்பார்.

ஒரே செட்டில் இரண்டு அச்சு வருமா என்று கேட்டேன்.

"ரெண்டு விதமாவும் சொல்றாங்க தம்பி. அச்சு தேஞ்சு புதுசு மாத்தும்போது, பழைய சரக்கையும் புது சரக்கையும் கலந்து கட்டி அனுப்பியிருப்பாங்கன்னு ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, தொலைச்சவன் பின்னாடி வாங்கிச் சேத்ததுன்னு ஒரு கட்சி. நாங்க இதுக்கே அடிச்சுக்குவோம்."

"எப்பிடிக் கண்டுபிடிக்கது?"

"சுருள் அந்தக் காலத்துதுங்களா? அப்ப வேலை சுலபம். எண்ணெய்க் கையோட அம்பது வருசம் ஒரே பையில கெடந்தா, அச்சு துணியில பதிஞ்சிரும். பையத் திருப்பிப் பாருங்க. ஆதியில அதுல எது இருந்துதுன்னு துணி சொல்லும்."

சரி என்று வைத்துவிட்டேன். இன்று பார்க்கவில்லை. தண்ணீர் வருகிற நாள். குடம் பிடிக்க வேண்டியிருந்தது.

மே 19

பார்த்தேன்.

பதினொரு பையிலும் முட்டை வளையம் துருவும் எண்ணெயுமாகப் பதிந்திருக்கிறது. பன்னிரண்டாவது பையிலும் முட்டை வளையம்தான்.

மே 20

துணி துவைத்தேன். அப்பாவின் இரண்டு சட்டை, என்னுடையது, போர்வை. கித்தான் சுருளையும் சோப்புத் தண்ணீரில் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். கறை போகவில்லை. போகாது என்று முன்பே தெரியும்.

ஈரச் சுருளை மாடியில் காயப் போட்டபோது அப்பா கீழேயிருந்து கேட்டார்.

"ஏட்டி, அங்க என்ன கித்தான் வாடை அடிக்கி?"

"ஒன்னுமில்ல. பக்கத்து வீட்டுல."

அவருக்குக் கண் போனதிலிருந்து மூக்கு பெரிதாகிவிட்டது.

மே 24

மட்டக்கடைப் பக்கம் சிலுவை அண்ணனைப் பார்த்தேன். குட்டியானை வண்டி ஓட்டுகிறார். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு டீக்கடையில் நின்றார். வண்டியின் முன்பக்கம் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர், அவசரமே ஆபத்து.

"என்ன இன்ஜினியரம்மா, படிப்ப வுட்டாச்சாமே."

"போர் அடிச்சிச்சு."

"எனக்கும்தான் இந்த உப்பு போர் அடிக்கி. வுட முடியுதா. அப்பா எப்பிடி இருக்காரு?"

"இருக்காரு."

எனக்கும் டீ சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்காமல் கையில் கொடுத்தார். பிறகு அவராகவே சொன்னார். ஜூன் 12 சங்கத்தில் கூட்டமாம். டெரன்ஸின் அம்மா காலடியில் அந்த வளைந்த ஸ்பானரை வைத்து, என் கவனக்குறைவுதான் என்று சொல்லி முழங்கால் போட்டால் மறுபடி வேலைக்குச் சேர்ப்பார்களாம். ஒரு வருஷமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"போடப்போறீங்களா?"

"போட்டுருவோம்னுதான் இருக்கேன். மூத்தவ பத்தாங்கிளாஸ். பள்ளிக்கூடத்துலயே ஒருத்தி கேட்டுருக்கா, உங்கப்பனாலதான ஆளு செத்தான்னு. முழங்கால் போட்டுட்டா பேச்சு முடிஞ்சிரும்லா."

"அது உங்களோடதில்லன்னு சொன்னீங்களே."

டீயைக் குடித்து முடித்து டம்ளரை மேசையில் வைத்தார். "சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகம் வந்திட்டு. எங்கிட்ட கெடந்ததுல ஒன்னுக்கொன்னு சம்பந்தமே கெடையாது. எது இருந்திச்சி, எது இல்லன்னு எனக்குத் தெரியாது பாத்துக்க. ராத்திரி கண்ண மூடுனா, நான் அத அங்க வச்சிட்டு வாற மாதிரியே தெரியுது."

உப்பு மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் டீக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

மே 25

சென்னைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஜூன் 12, முத்துநகர் எக்ஸ்பிரஸ், ராத்திரி எட்டு மணிக்கு. கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 13 சேர வேண்டும் என்றால் 12 தான் கிளம்ப முடியும்.

மே 28

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சதாசிவம் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அப்பா எடுத்திருக்கிறார்.

"ஸ்பானர விக்கப்போறியா?"

"ஆமா."

"விக்காத."

"சும்மா கெடக்குதே."

"கெடக்கட்டும். வெளிய யாரும் அதப் பாக்க வேண்டாம்."

வெளியே யாரும் என்றார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை. மத்தியானம் சாளை மீன் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

ஜூன் 1

டெரன்ஸின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. அழிப்பதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அவனோடு பெரிய பழக்கம் ஒன்றும் கிடையாது. சந்தியாகப்பரில் ஆளாக இருந்தான், அப்பாவுக்கு அடிக்கடி வேலை சொல்ல வருவான். வந்தால் வாசலில் நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டே என்னைக் கேலி செய்வான். "மேஸ்திரி, ஒங்க மகளுக்குக் கையில கிரீஸ் இருக்கு, மாப்பிள்ள பாக்க வாறவன் வழுக்கி வுழுந்துருவான்." அவ்வளவுதான். என் குடை அவனிடம்தான் இருக்கிறது. மஞ்சள் பூப்போட்டது. வேறு வாங்கவில்லை. வெயில் என்ன செய்துவிடும்.

ஜூன் 2

நேற்று எழுதியதைப் படித்தேன். குடை அவனிடம் எப்படிப் போனது என்று எழுதவில்லை. எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூன் 13. சந்தியாகப்பரைத் தண்ணீரில் இறக்கி ஜெட்டியில் கட்டியிருந்தார்கள். இறக்கின பிறகு கப்ளிங் போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போதே கண்ணில் புகை. போல்ட்டின் தலை எங்கே என்று தெரியவில்லை. வெளியே சொன்னால் படகுக்காரர்கள் வேறு மெக்கானிக்கைப் பார்ப்பார்கள். அதற்கு முந்தின இரண்டு வாரமும் பட்டறைக்குக் கொண்டுவருகிற வேலையை நான்தான் செய்துகொண்டிருந்தேன். படகுக்கு மட்டும் போகவில்லை. இங்கே பெண்கள் விசைப்படகில் ஏறக்கூடாது. பாதிரியார் மந்திரித்துக் கடலுக்குப் போகப்போகிற படகென்றால் கிட்டே நின்றாலே பேச்சு.

அப்பா தயங்கினார். நான்தான் போகிறேன் என்றேன். நாலு போல்ட், கால் மணி நேரம்.

மத்தியானம் ஜெட்டியில் ஒரு நாய்கூட இல்லை. டெரன்ஸ் காவல் இருக்கிறேன் என்றான். என் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். தேங்காய் பன் ஒன்று வைத்திருந்தான், பாதியைப் பிய்த்து என் வாயிலேயே வைத்தான், என் கையெல்லாம் கிரீஸ். "நீ ஏறினா போட்டு முழுகிரும்னு எங்கம்மா சொல்லுவா. பாப்போம்" என்றான்.

நாலு போல்ட்டையும் நன்றாகத்தான் முடுக்கினேன். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அப்போது தொம்மையின் பைக் சத்தம். டெரன்ஸ் விசிலடித்தான். சுருளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்து வலைக்கொட்டகை வழியாக ஓடினேன். அப்பா சுருளைக் கட்டும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். பன்னிரண்டு சொல்லாமல் முடிச்சுப் போடமாட்டார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டில் அப்பா கேட்டார், "எண்ணினியா?"

"எண்ணினேன்" என்றேன்.

குடையை மறந்தது மட்டும்தான் வழியில் ஞாபகம் வந்தது.

ஜூன் 4

அப்பாவின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். இருபத்துநாலு-இருபத்தேழை அவர் கையில் வைத்தேன். அவர் நடுவில் தடவவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டார்.

"இது எங்க வாங்கினீங்க?"

"மதுரையில. பழைய இரும்பு மார்க்கெட்டுல."

"எப்ப?"

"கூட்டத்துக்கு நாலு நாளைக்கு முன்ன. கடை கடையா ஏறி எறங்கினேன். பெல்வின்தான் கெடச்சிது, அந்த அச்சு கெடைக்கல. தடவினப்பவே தெரிஞ்சிது. சரி, அவனுக யாரு தடவிப் பாக்கப்போறானுக. பேரத்தான் பாப்பானுக."

கண் தெரியாத மனுஷன் தனியாகப் பஸ் பிடித்து மதுரைக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குக் கண் டாக்டர் என்று சொன்னது ஞாபகம் வருகிறது.

"சிலுவை அண்ணன் என்ன ஆவார்னு யோசிக்கலையா?"

"யோசிச்சேன். அவனுக்கு வேலதான் போகும்னு நெனச்சேன். ஒனக்கு எல்லாமே போயிரும்." பிறகு, "நீ எண்ணினேன்னு சொன்னப்பவே நான் ஒருதடவை எண்ணியிருக்கணும். எனக்குத்தான கை இருக்கு" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நல்லது. திட்டவில்லை. ரேடியோவைப் போடச் சொன்னார்.

ஜூன் 7

சொல்லவேண்டியதில்லை என்பதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. டெரன்ஸ் திரும்பி வரப்போவதில்லை. சிலுவை அண்ணனே முழங்கால் போடச் சம்மதித்துவிட்டார், ஒரு நிமிஷ வேலை, பிறகு அவருக்கு வேலை உண்டு. சொன்னால் அப்பாவின் முப்பத்தைந்து வருஷமும் பொய் என்று ஆகும். இன்னும் எழுதலாம். பக்கம் இருக்கிறது.

சிலுவை அண்ணன் ராத்திரி கண்ணை மூடினால் தெரிகிறது என்று சொன்னாரே. வைக்காத ஸ்பானரை வைத்துவிட்டு வருவது மாதிரி. வைத்த எனக்கு அது ஒரு நாளும் தெரிந்ததில்லை. எனக்குத் தெரிவதெல்லாம் குடைக்குக் கீழே ஒருவன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

ஜூன் 10

பெட்டி கட்டினேன். ஸ்பானர் சுருள் பெட்டிக்குள் போகவில்லை, நீளம். வெளியே எடுத்து வைத்தேன்.

ஜூன் 12

நாலு மணிக்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சுருளோடு சங்கத்துக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு அந்த வழியாகவும் போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். போகலாம், சுற்று.

உள்ளே நாற்பது ஆண்கள். பெண்கள் படியில் நின்றார்கள். டெரன்ஸின் அம்மா ரோசலின் அத்தைக்கு மட்டும் உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். கறுப்புச் சேலை, கையில் ஜெபமாலை. மேசைமேல் அந்த ஸ்பானர், துரு ஏறி, கொக்கி மாதிரி வளைந்து.

தொம்மை, "சிலுவை, எடுலே. சட்டுனு முடிப்போம்" என்றார்.

சிலுவை அண்ணன் எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், பூசைக்கு வருவதுபோல. ஒரு முழங்காலை மடக்கிவிட்டார்.

"அது அவரோடதில்ல" என்றேன். சத்தமாகச் சொன்னதாக நினைத்தேன். இரண்டாவது முறை சொன்னபோதுதான் திரும்பினார்கள்.

"யாரு அது?"

"கஸ்பார் மேஸ்திரி மக."

"ஏ புள்ள, ஒனக்கு இங்க என்ன சோலி?"

உள்ளே போய் மேசையில் சுருளைப் பிரித்தேன். பன்னிரண்டாவதை மட்டும் உருவித் தனியாக வைத்தேன். "இந்தப் பதினொன்னையும் தொட்டுப் பாருங்க. நடுவுல வளையம் இருக்கு. இதுல இல்ல. இது பெறகு வாங்கினது. இப்ப அந்த வளைஞ்சதச் சொரண்டிப் பாருங்க."

சிலுவை அண்ணன் பாதி மடக்கிய காலோடு எழுந்து, குட்டியானைச் சாவியால் துருவைச் சுரண்டினார். மெதுவாக. முட்டை வளையம் வந்தது. அவர் அதைத் தொம்மையிடம் காட்டவில்லை. தன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அப்ப ஒங்கப்பன் வேலையா இது?" என்றார் தொம்மை.

"என் வேல. அவருக்குத் தெரியாது."

"தெரியும்" என்றது வாசலில் ஒரு குரல். அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். கையெல்லாம் சுண்ணாம்பு. "மாத்தி வச்சது நான்தான் தொம்மை."

தொம்மை அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ எங்க வச்சி மறந்த?"

"கப்ளிங் மேல."

"கப்ளிங் எங்க இருக்கு?"

"போட்டுல."

"நீ போட்டுல ஏறினியா?"

"ஏறினேன். போல்ட் முடுக்க."

அதற்குப் பிறகு ஸ்பானரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "அதான் முழுகியிருக்கு" என்றார். அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மந்திரித்த படகில் பொம்பளை ஏறியிருக்கிறாள், எந்த நிலையில் ஏறினாளோ, தொம்மைக்கு எப்படித் தெரியாமல் போனது, யார் ஏற்றிவிட்டது. நாலு போல்ட்டையும் ஒழுங்காக முடுக்கினேன், எண்ணாமல் வந்ததுதான் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். நான் எண்ணாததைக் கேட்க ஆள் இல்லை. ஏறியதை மட்டும் கேட்டார்கள். அப்பா காது கேட்காதவர் மாதிரி நின்றார்.

ரோசலின் அத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபமாலை மணியைக்கூட நகர்த்தவில்லை.

சிலுவை அண்ணன் வளைந்த ஸ்பானரைச் சுருளின் பன்னிரண்டாவது பையில் செருகப் பார்த்தார். வளைவு இடித்தது. போகவில்லை. மேசையிலேயே வைத்தார்.

"பெனி, ஒரு வருசமா என் சாக்குல எது காணாமப் போச்சின்னு தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

இதை எழுதும்போது ரயில் போயிருக்கும். அப்பாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். சுருளை எடுத்துக்கொண்டாயா என்று. எடுத்தேன். எண்ணினேன். பதினொன்று.

ஜூன் 13

யாரும் வரவில்லை. பால்காரர் கேட்டுக்கு வெளியே பையை மாட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 14

சங்கத்தின் முடிவைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாகச் சொன்னார். சிலுவை அண்ணன் வேலைக்கு வரலாம். சந்தியாகப்பரை மறுபடி மந்திரிக்க வேண்டும். கஸ்பார் குடும்பம் ஜெட்டிப் பக்கம் வரக்கூடாது. சிலுவை அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். உப்பே போதும் என்றாராம்.

சதாசிவம் மெசேஜ். "தம்பி, செட்டு இருக்குங்களா?"

"பதினொன்னுதான் இருக்கு. விக்கல. நான் தம்பியும் இல்ல" என்று அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பதினொன்னும் நல்ல அச்சுங்க. பத்திரமா வெச்சுக்கங்க கண்ணு" என்று வந்தது.

ஜூன் 15

விடிவதற்கு முன்பே இன்ஜின் சத்தம். இருநூறு படகும் ஒன்றாகக் கிளம்பினால் எங்கள் தெரு ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே எந்தப் படகு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தியாகப்பர் வந்தபோது நிறுத்திக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ரோசலின் அத்தை வந்தார். கறுப்புச் சேலை. கதவைத் திறந்தேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

அக்குளில் செய்தித்தாள் சுற்றி ஒன்று வைத்திருந்தார். பிரித்தார். மஞ்சள் பூப்போட்ட குடை.

"ஒன்னோடதா?"

"ஆமா அத்த."

"அவன் கட்டில்ல கெடந்திச்சி. பொம்பளக் குடை. யாருதுன்னு ஒரு வருசமா யார்ட்டயும் கேக்க முடியல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. உள்ளே அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரல அவன். நண்டு வச்சிருந்தேன். வந்ததும் கேட்டேன், பசிக்கலன்னுட்டான்." குடையின் பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். "அங்க என்னத்தத் தின்னான்?"

"தேங்கா பன்னு. பாதிய எனக்குத் தந்திட்டான்."

"பாதிதானா" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்தேன். செம்பை வாங்கி, குடிக்காமல் படியில் வைத்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

வெளியே நல்ல வெயில். தலையில் முந்தானையைக்கூடப் போடாமல் நடந்தார். குடையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று அவர் தெரு திரும்பிய பிறகுதான் எனக்குத் தோன்றியது.